ஒரு நாள் முன்னதாக

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்புவதற்குள் பாலைக் காய்ச்சி, முந்தின இரவுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் தை அமாவாசை. எள்ளைப் பொட்டலமாகக் கட்டி, தர்ப்பையோடு அலமாரியில் வைத்தேன். ஆடிக்கும் தைக்கும் திருவையாறு படித்துறையில் அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைப்பது என் வழக்கம்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்துவிட்டு, தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்தோம். வைத்தவன் நான்.

மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மீதமிருந்த விடுப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குக் கிளம்பினேன். தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்தும் பார்க்காத ஊர். மயிலாடுதுறையில் பேருந்து மாறினேன்.

ஊரின் பழைய நுழைவாயிலில், மீன் கூடையோடு சைக்கிளில் போன ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். டேனிஷ்காரர்களின் கோட்டையைச் சுற்றிப் பார்த்தேன். அருங்காட்சியகத்தில் கப்பல் பொம்மைகளும் உடைந்த பீங்கானும் இருந்தன. முன்பக்கத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட கோயிலுக்குப் போய்க் கும்பிட்டேன். வெயில் ஏறியதும் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்கும் முன்பே கடைக்காரம்மா ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

“என்ன சார், இந்த மாசம் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்க?”

நான் இங்கே வருவதே முதல் தடவை என்றேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அமாவாசைக்கு அமாவாசை ஒருவர் வருவாராம். கடலில் திதி கொடுக்கிற கூட்டத்தில் சேராமல் தள்ளி நின்று பார்ப்பாராம். பிறகு இங்கே வந்து சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்பாராம். டீ வேண்டாமாம். இனிமேல் தண்ணீருக்கும் காசு வாங்கப்போகிறேன் என்று கேலி செய்தால் சிரிப்பாராம். எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் பதில் வராதாம்.

அண்ணன் பெயரைச் சொல்லி, அவரா என்றேன். பெயரெல்லாம் தெரியாது என்றார்.

“மூக்கு, நெத்தி, உக்கார்ற விதம் எல்லாம் நீங்கதான் சார். என்ன, உங்களவிட வயசு கம்மியா இருக்கும். தம்பிங்களா?”

“அண்ணன்,” என்றேன்.

சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தேன். நானும் டீ குடிக்கவில்லை.

திரும்பும்போது பேருந்தில் அதே நினைப்பு. உயிரோடு இருப்பவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால், அவன் சாவை நானே கேட்பதாகும். செத்தவனுக்கு இறைக்காமல் விட்டால் தாகத்தோடு அலைவான். இத்தனை வருடம் நான் இறைத்தது யாருக்குப் போயிற்று?

மனைவியிடம் போனில் சொன்னேன். உலகத்தில் ஒரே ஜாடையில் எத்தனையோ பேர், பேசாமல் திருவையாற்றுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றாள். சரி என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காலை மோட்டார் போடவில்லை. எள் பொட்டலத்தையும் தர்ப்பையையும் பைக்குள் வைத்தேன். பெரிய பாட்டில் இரண்டில் குடிதண்ணீர் நிரப்பிக்கொண்டு, மயிலாடுதுறைக்குப் போகும் முதல் பேருந்தில் ஏறினேன்.