வெள்ளைத் துணி மஞ்சளான வாரம்

மகள் வாங்கிக் கொடுத்த மாத்திரை டப்பாவைத் திறக்க முடியாமல் இன்று காலை வெகுநேரம் மல்லுக்கட்டினேன். கிழமைக்கு ஓர் அறை. அறைக்குள் என் இதயத்துக்கு ஒரு குட்டி மாத்திரை. ஒரு காலத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்து, காஜா பெராங் வட்டாரம் முழுக்க மருந்து கலக்கிக் கொடுத்தவனுக்கு வந்த கதி! கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தேன். பல்லும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

விழுங்கியதும் சுவரைப் பார்த்தேன். ஏனென்று சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மருந்தென்றால் பாட்டிலில் தருவது. மாத்திரைக்கு மரியாதை கிடையாது. ஊசி குத்துகிறவர்தான் கெட்டிக்கார டாக்டர். நோயாளியே வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார். கழுவியதாகச் சத்தியம் செய்வார். திறந்தால் கிச்சாப், அதுதான் சோயா சாஸ், வாசனை அடிக்கும். நான் ஒரு காகிதப் பட்டையை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பாட்டிலின் முதுகில் ஒட்டுவேன். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. அவுன்சுக்கு எத்தனை சொட்டு என்பதெல்லாம் மனக்கணக்குத்தான். பள்ளியில் நான் கணக்கில் தேறாதவன் என்பது டாக்டருக்குத் தெரியாது.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மாணிக்கம் அண்ணன், தையல்காரர். முன்னறையில்தான் மெஷின். அவருக்குப் பழுதான இதயம், கால் வீங்கும், நாடி தலைதெறிக்க ஓடும். அதை அடக்க டாக்டர் எழுதியது ஒரு செடியின் சாறு. அளவாகக் கொடுத்தால் உயிர் நிற்கும். கொஞ்சம் கூடினால் அதே உயிருக்கு உலை. அதை அளக்கும்போது மட்டும் நான் சீட்டியடிப்பதை நிறுத்திவிடுவேன்.

அண்ணனுக்கு மருந்து கேட்கவே இல்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். கால் தூண் மாதிரியே இருந்தது. மறுபடியும் கூட்டினார்.

"யானை தாங்குற அளவுய்யா இது," என்றார். நான் இருமுறை அளந்து ஊற்றினேன்.

அந்தப் பாட்டில் வீட்டுக்குப் போன அன்றுதான் அண்ணனின் மனைவி ராசம்மா அக்கா, மகள் பிரசவத்துக்காக ஜாசின் பக்கத்து எஸ்டேட்டுக்குக் கிளம்பினார். சுதந்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குக் கொடி தைக்கும் வேலை குவிந்து, முன்னறை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தேன். மெஷின் சத்தம் இல்லை. தொடாத சோற்றில் ஈ மொய்த்தது.

"தம்பி, பெண்டஹாரா ரோட்டுத் துணிக்கடைக்காரன் ஏமாத்திட்டான்லா. வெள்ளத் துணி கேட்டேன், மஞ்சளக் குடுத்திருக்கான்."

துணி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது.

"காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்ணே," என்று இளித்தபடி அவர் இமையை விலக்கிப் பார்த்தேன். விழியில் மஞ்சளே இல்லை.

"நீயும் மஞ்சளாத்தான் இருக்கே," என்றார்.

என் இளிப்பு அப்படியே நின்றது. அந்தச் செடியின் சாறு உடம்பில் மிஞ்சினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும். மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்பு. அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். தெருவில் யாரோ கொடி விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தேய்ந்த பிறகுதான் வந்தது.

டாக்டரின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இத்தனை நாள் ஒன்றும் செய்யாத மருந்து இப்போது எப்படிக் கொல்லும்? டாக்டர் முகம் இருண்டு போயிருந்தது. தந்தி கண்டு ஓடிவந்த அக்காதான் பதில் சொன்னார்.

"இங்கிலீசு மருந்து சூடு தம்பி. வந்ததுமே பாதியப் பப்பாளி மரத்துக்கு ஊத்திட்டு, வெந்நீர ஆறவச்சு நெரப்பிருவேன். காரம் கூடுச்சுன்னா தண்ணியும் கூட ஊத்துவேன்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கட்டிக்காத்த அளவில் குணமாகிக்கொண்டிருந்தது பப்பாளி மரம்!

திட்ட வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"நான் இருந்தவரைக்கும் மனுசன் தச்சுக்கிட்டு இருந்தாரு. நான் நகந்ததும் படிச்சவங்க எல்லாம் சேந்து கொல்லப் பாத்தீங்களே!"



அண்ணன் பிழைத்தார். சுதந்திரக் கொடியை ஆஸ்பத்திரி சன்னல் வழியாகத்தான் பார்த்தார். பிறை, நட்சத்திரத்தோடு வெள்ளைக் கோடுகளும் மஞ்சளாகவே தெரிந்தனவாம்.

இப்போது அந்த வீடு கார் நிறுத்தும் இடம். பப்பாளி மரம் இல்லை, முதுகில் பல் வைத்த பாட்டில் இல்லை, அண்ணனும் அக்காவும் இல்லை. அந்தச் செடி மட்டும் என்னை விடவில்லை; டப்பாவில் இருப்பது அதே மருந்துதான், மாத்திரை வேடத்தில். போன வாரம் டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். தண்ணீர் கலக்க ஆளில்லை.

அதனால்தான் ஆயர் குரோவில் மகள் வீட்டுச் சுவரை நான் தினமும் பார்க்கிறேன். இன்று லேசாக மஞ்சள் தட்டியது. மகளைக் கூப்பிட்டு என்ன நிறம் என்று கேட்டேன்.

"கிரீம் கலர்பா," என்கிறாள்.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன கணக்குப் போடுவது?