தார் விழுங்கிய கத்திரி

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் பீப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சாலை வேலை நடக்கும் இடத்தில், பொக்லைனுக்கு முன்னால், உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைத் தரையோடு ஆட்டிக்கொண்டே நடப்பது அவள் வேலை. அது 'பீப்' என்றால் வண்டி நிற்க வேண்டும். கீழே குழாயும் இருக்கலாம், யாரோ தொலைத்த கரண்டியும் இருக்கலாம்.

உடம்பில் பொட்டு இரும்பு இருந்தாலும் கருவி கத்தித் தொலைக்கும். அதனால் தையல்கடை வைத்திருக்கும் அவள் அண்ணன், கொக்கி இல்லாமல் நாடா வைத்தே சட்டை தைத்துத் தருவார். சலூன் வைத்திருக்கும் கணவர், ஹேர்பின் தேவைப்படாதபடி முடியை ஒட்ட வெட்டிவிடுவார். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். ஆனால் இருவரும் பேசிப் பல வருஷம்.

காரணம் ஒரு கத்திரி. முன்பு தார் போட்ட அன்று அண்ணனின் பெரிய கத்திரி காணாமல் போனது. "பக்கத்துக் கடைக்குக் கத்திரின்னா உசுராச்சே" என்று அவர் வார்த்தையை விட்டார். மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. அதன்பிறகு அண்ணன் வேறு தெருவுக்குப் போய்க் கன்னாபின்னாவென்று முடிவெட்டிக்கொண்டு வருவார். சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அதே சாலையைப் பெயர்க்கும் நாள் வந்தது. கத்திரி தாருக்குள் புதைந்திருக்குமோ என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம்.

"இன்னிக்கு விட்டா எல்லாம் லாரியில போயிடும் தம்பி. கொஞ்சம் மெதுவா ஓட்டுப்பா" என்று பொக்லைன் டிரைவரிடம் கெஞ்சினாள்.

முதலில் ஒரு சைக்கிள் மணி கிடைத்தது. பிறகு நசுங்கிய டம்ளர்.

"அக்கா, பாத்திரக்கடை போட்டுடலாம்!" என்றான் டிரைவர்.

தையல்கடை வாசலில் கருவி விடாமல் அலறியது. தார்க்கட்டியை உடைத்ததும் கத்திரி வந்தது. தனியாக வரவில்லை, வாயில் ஒரு செருப்பு வாரைக் கவ்விக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே அந்தச் செருப்பு. பெரிய பித்தளை பக்கிள் வைத்த, அண்ணனின் செருப்பேதான்.

அண்ணன் தலையில் கை வைத்தார். "ஐயையோ! சூடு தாருல செருப்பு ஒட்டிக்கிச்சு, ரோலர் வேற கிட்ட வந்துடுச்சு. வாரை வெட்டிட்டு ஒத்தக் கால்ல குதிச்சு ஓடியாந்தேன். செருப்பு போன எரிச்சல்ல கத்திரிய அங்கயே போட்டத மறந்துட்டேனே!"

சலூன் வாசலில் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தப்பு என்மேலதான் மாப்ள." என்றார் அண்ணன்.

கணவர் அவர் தலையையே உற்றுப் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மச்சான். மொதல்ல இந்தத் தலைய யாரு இப்படிக் கெடுத்தது? உள்ள வந்து உக்காருங்க."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்திரிச் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "காதை மட்டும் விட்டுடு மாப்ள" என்றார்.

நடுரோட்டில் நின்றிருந்த பீப் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.