ஒரு சாண் மேலே சுடும் ரிவால்வர்

என் வாழ்க்கையில் நான் ஒரு பரிசும் வாங்கியதில்லை. இதை அடக்கத்தோடு சொல்லவில்லை, ஆத்திரத்தோடுதான் சொல்கிறேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றரில் நான்காவது. நீளம் பாய்தலில் நான்காவது. சாக்கோட்டத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தவன், சாக்கு கிழிந்து நான்காவது. ஒஸ்லோவுக்கு வந்த பிறகு ஒரு கரம்போர்ட் போட்டியில் சேர்ந்தேன். அதில் மொத்தமே நான்கு பேர்தான். முடிவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே ஐம்பத்தேழு வயதில் ஒரு துப்பாக்கிச் சங்கத்தில் உறுப்பினராகி, அவர்கள் கொடுக்கும் வெண்கலச் சின்னத்தின்மேல் நான் கண் வைத்ததை யாரும் பேராசை என்று சொல்லக்கூடாது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய சின்னம் அது. பரீட்சையில் போதிய புள்ளி எடுக்கிற எவருக்கும் கிடைக்கும். முதலாவது, இரண்டாவது என்று எதுவும் இல்லாததால் நான்காவதாக வரவும் வழியில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

சங்கத்துக்கு நான் சுடப் போகவில்லை, ஹீற்றர் திருத்தப் போனேன். ஹொல்ம்லியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கதவு, குழாய், மின்குமிழ் எல்லாவற்றையும் பராமரிப்பவன் நான். பள்ளிக்குப் பின்னாலிருந்த குன்றுக்குள் பழைய பதுங்குகுழி ஒன்று உண்டு. அதற்குள்தான் சங்கம் புதன்கிழமை மாலைகளில் கூடும். ஹீற்றரைத் திருத்திக் கொடுத்ததும், அங்கே பயிற்சி கொடுக்கிற அம்மையார் நன்றிக்கடனாகச் சங்கத்துத் துப்பாக்கியில் ஒரேயொரு குண்டு சுடத் தந்தார். அவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். சுட்டேன். நட்டநடுவில், பத்துப் புள்ளி வட்டத்தில் பட்டது. அந்த ஒரு குண்டுதான் என்னைக் கெடுத்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். பங்கர் எண்டால் ஒளிக்கிற இடம். நீங்கள் அங்கை போய்ச் சுடப்போறீங்களோ?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. எனக்கே முதல் ஆறு மாதம் ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தானாகத் தரையில் விழப் பார்க்கும். ஆனால் கடதாசியைத் தவிர வேறெதையும் சுடாத, சுட்டு முடிந்ததும் கோப்பி குடித்துக் கலைகிற துவக்குகளை நான் அதுவரை கண்டதில்லை. அதை அவளுக்கு விளக்கத் தெரியாமல், "இது விளையாட்டு" என்று மட்டும் சொன்னேன். அவள் வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பாதுகாப்பு வகுப்பு, ஆறு மாதப் பயிற்சி, பொலிஸ் அனுமதி எல்லாம் முடிந்து, சொந்தமாக ஒரு ரிவால்வர் வாங்கும் கட்டம் வந்தது. சங்கத்துத் துப்பாக்கிகள் என் மணிக்கட்டுக்குப் பாரம். சிறியதாக, லேசானதாக, என் சம்பளத்துக்கு அடங்கியதாக ஒன்று வேண்டும். ஆலோசனைக்கு எங்கள் சங்கத்தில் இன்னொரு தமிழர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எதையும் அட்டவணை போடாமல் வாங்கமாட்டார். ரிவால்வர்களுக்கென்று நாற்பது கட்டங்கள் கொண்ட அட்டவணை வைத்திருந்தார்.

"அண்ணா, விலை கம்மியா இருக்கறதுல இதுதானுங்க சின்னது. ஆனா குறி பாக்கற சைட் அசையாதுங்க. மேல கீழ அட்ஜஸ்ட் பண்ணவே முடியாது. நல்லா யோசிச்சுக்கங்க."

"தம்பி, நீர் எது வாங்கினனீர்?"

"நான் இன்னும் கம்பேர் பண்ணிட்டு இருக்கேனுங்க."

இரண்டு வருடமாகக் கம்பேர் பண்ணிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவரின் பேச்சை யார் கேட்பது? நான் கேட்கவில்லை.

கடையில் இரண்டு ரிவால்வர்களை மேசையில் வைத்தார்கள். ஒன்று பெயர்பெற்ற கம்பனியின் பழையது, விலை அதிகம். மற்றது புதியது, மலிவு, சட்டம் அனுமதிக்கிற அளவுக்குள் ஆகச் சிறியது. துணைக்கு வந்த பல் வைத்தியர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டின் வாய்க்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். குண்டு போடும் உருளையைப் பெருவிரலால் ஆட்டிப் பார்த்தார், ஆடும் பல்லைப் பார்ப்பது போலவே. விசையை இழுத்து விட்டார். மலிவானதன் விசை சற்று இறுக்கம், உருளை ஆடவில்லை, குழாய் சுத்தம் என்று நோர்வே மொழியில் அறிக்கை தந்தார். "பற்கள் நல்லவை. ஆனால் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்" என்றும் சொன்னார்.

நானும் பரிசோதித்தேன். தேங்காய் வாங்குகிற மாதிரி காதருகே வைத்து ஆட்டினேன். கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே ஒன்றும் கிலுகிலுக்கவில்லை. அதுபோதும் என்று மலிவானதையே வாங்கினேன்.

அடுத்த புதன்கிழமை இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் அட்டையைத் தொங்கவிட்டு, கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறிபார்த்து ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும்படி நெருக்கமாக விழுந்திருந்தன. கறுப்புக்குள் அல்ல. நடுவிலிருந்து ஒரு சாண் மேலே, வெள்ளைக்குள். விருந்துக்கு ஐந்து பேரை அழைத்து விலாசத்தைப் பிழையாகக் கொடுத்தது போல, ஐவரும் சேர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டு, மூன்று என்று பிச்சைப் புள்ளிகள்.

பல் வைத்தியருக்குப் பெரிய சந்தோஷம். "அருமையான ரிவால்வர்! எப்போதும் ஒரே இடத்தில் அடிக்கிறது. நீங்கள் ஒரு சாண் கீழே குறி பாருங்கள், முடிந்தது வேலை."

"நான் ஏன் கீழே பார்க்கவேண்டும்? எங்கே பார்க்கிறேனோ அங்கே சுடுவதற்குத்தானே இதை வாங்கினேன்?"

"அதற்கு அது தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

நான் மறுத்துவிட்டேன். வாழ்நாள் முழுக்கப் பிழையான கதவுகளை நிமிர்த்தியவன் நான். கதவு கோணலென்றால் கதவைத்தான் திருத்துவேன், என் கழுத்தைச் சரித்துக்கொண்டு உள்ளே போகமாட்டேன். கடைக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் மரியாதையாக ஒரே பதில் வந்தது: அசையாத குறி கொண்ட துப்பாக்கிகளில் இது வழமையானது. இரண்டு முறை பரீட்சைக்குப் போனேன். இரண்டு முறையும் விடாப்பிடியாக நடுவைப் பார்த்துச் சுட்டேன், இரண்டு முறையும் தோற்றேன். வீட்டில் "எத்தினையாவது?" என்று கேட்டாள் மனைவி. இந்தப் பரீட்சையில் எத்தனையாவது என்ற பேச்சே இல்லை என்று எரிந்து விழுந்தேன்.

ஐப்பசி மாதம் வந்தது, நவராத்திரி முடிவில் வீட்டில் சரஸ்வதி பூசை. கும்பத்துக்கு முன்னால் புத்தகங்கள், மகளின் வயலின், மனைவியின் தையல் மெஷின், என் துளைபோடும் மெஷின் எல்லாம் பட்டுத்துணியில் வரிசையாக இருந்தன. நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

"இஞ்சேருங்கோ, உங்கடை அந்தச் சாமானையும் கொண்டுவந்து வையுங்கோ" என்றாள் மனைவி.

வாங்கிய நாள் முதல் அவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இரும்புப் பெட்டி இருந்த அலுமாரிப் பக்கம் உடுப்பு எடுக்கக்கூடப் போகமாட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டியைத் திறந்து, உருளை வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக் கொண்டுபோய் வைத்தேன். அதை என் பார்வையில்லாமல் வைத்திருக்கக்கூடாது என்பது சட்டம். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட, நான் மட்டும் ரிவால்வருக்குப் பக்கத்தில் கண்ணை விழித்துக்கொண்டு பொலிஸ்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கற்பூரம் காட்ட முன், மனைவி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ரிவால்வரின் பிடியில் ஒரு பொட்டு. குழாயின் மேலே ஒரு பொட்டு. வாய்க்குள் போய்விடக்கூடாதே என்று நான் பதறியதில், எங்கெங்கே வைத்தாள் என்று ஒழுங்காகக் கவனிக்கவில்லை. பூசை முடிந்ததும் கண்ணில் பட்ட பொட்டுகளைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அந்தப் புதன்கிழமை மூன்றாவது முறையாகப் பரீட்சை. பல் வைத்தியர் வழக்கம்போல உருளைக்குள்ளும் குழாய்க்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"இன்றைக்கு இங்கே நல்ல வாசனை. புதுச் சவர்க்காரமா?"

நான் ஒரு மாதிரியாகச் சிரித்து வைத்தேன். ஐந்து ஐந்து குண்டுகளாக ஐந்து சுற்று. முதல் சுற்றிலேயே எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. குழாயின் நுனியில் இருக்கும் முன்குறி அன்றைக்குத் துலக்கமாக, கொஞ்சம் சிவப்பாகக்கூடத் தெரிந்தது. புதுக் கண்ணாடி எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒஸ்லோவின் கண் வைத்தியர்களை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டு கறுப்பின் நடுவைப் பார்த்துச் சுட்டேன்.

எட்டு, ஒன்பது, ஒன்பது, எட்டு, பத்து.

கோயம்புத்தூர்க்காரர் தூரக்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. இரண்டாவது சுற்றும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. "நான் சொன்னேன்தானே, பிழை என்னிலில்லை, ரிவால்வரும் பழகவேண்டும்" என்று நான் பெரிய பேச்சுப் பேசினேன். கடைக்காரரை மன்னித்தேன். நான்காவது சுற்றின் மூன்றாவது குண்டு நடுவிலிருந்து ஒரு சாண் மேலே போனது. நான்காவதும் போனது. ஐந்தாவதும்.

மேசையில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்து கிடந்தது.

பல் வைத்தியர் அதை விரல் நுனியில் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு என் ரிவால்வரின் முன்குறியைப் பார்த்தார். அங்கே காய்ந்த சந்தனத்தின் அடி மட்டும் ஒட்டியிருந்தது, ஓரத்தில் குங்குமத்தோடு.

"இது என்ன?"

எங்கள் வீட்டுச் சரஸ்வதியைப் பற்றி, கல்வியைப் பற்றி, கருவிகளுக்கு மரியாதை செய்வதைப் பற்றி, வியர்த்து வழிந்துகொண்டு விளக்கினேன். அவர் சிரிக்கவேயில்லை. பல்லின் அளவெடுக்கும் கண்ணால் அந்த இடத்தை அளந்தார்.

"ஒரு மில்லிமீற்றர் இருந்திருக்கும். முன்குறி உயர்ந்தால் குண்டு இறங்கும். உங்கள் மனைவி மிகச் சரியாக அடைத்திருக்கிறார்."

பிறகு விதிப்புத்தகத்தை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினார். எனக்கு உயிர் போய் வந்தது. மூன்று சுற்றும் செல்லாது என்று சொல்லிவிட்டால்?

"சந்தனத்தைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை" என்றார் கடைசியில். "தொடருங்கள்."

"அண்ணா, கடைசி ரவுண்ட்ல நாப்பது வேணுங்க. எட்டு எட்டாப் போட்டாக்கூடப் போதும்" என்றார் கோயம்புத்தூர்க்காரர். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அட்டவணைக்காரரே விரல்விட்டு எண்ணினால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சந்தனம் கையில் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு வருடமாக நான் கேட்க மறுத்த ஒரே புத்திமதி. கையை நீட்டினேன். கறுப்பின் நடுவைப் பார்த்தேன், பழக்கதோஷம். பல்லைக் கடித்துக்கொண்டு குறியை இறக்கினேன். கறுப்பைத் தாண்டி, ஒன்றுமேயில்லாத வெள்ளைக்கு. அங்கே பார்ப்பது எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மையாகவே வெட்கமாக இருந்தது. யாரோ ஒருவன் செய்த பிழைக்கு நான் தலை குனிவது போல. அப்படியே சுட்டேன். ஐந்து தரம்.

அட்டை வரை நடந்துபோய்த்தான் எண்ணவேண்டும். பல் வைத்தியர் எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"நாற்பத்தொன்று. மோசமில்லை."

இந்த நாட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. கோயம்புத்தூர்க்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் பதுங்குகுழியின் குளிர்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். ஒரு பொத்தானுக்காக ஐம்பத்தெட்டு வயதுக்காரன் அழக்கூடாதென்று விதிப்புத்தகத்தில் இருந்திருக்காது.

சின்னம் வந்த அன்று அதை மனைவியின் கையில் கொடுத்து நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். சந்தனம் வரைக்கும் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சின்னத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"தெரியும். குண்டு போற அந்த நுனியிலை வேணுமெண்டுதான் கூட வைச்சனான்."

"ஏன்?"

"எனக்கு உந்தத் துவக்கைக் கண்ணிலை காட்டக்கூடாது. ஆனால் நீங்கள் ஒவ்வொரு முறையும் வந்து சப்பாத்தைக் கழட்டேக்கை உங்கடை முகத்தைப் பாக்கேலாது. அம்மாளாச்சி, இந்த மனுசனுக்கு ஒண்டையாவது குடுத்துவிடு எண்டு கேட்டு வைச்சனான்."

சாமித் தட்டில் சின்னத்தை வைத்து, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். பிறகு கனடாவிலிருக்கும் தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, "ஓம் ஓம், என்ரை சந்தனத்தாலைதான் எல்லாம் பட்டது" என்று சொல்லத் தொடங்கினாள்.

எல்லாம் இல்லை, கடைசி ஐந்தும் சந்தனமில்லாமல் நானே சுட்டவை என்று சொல்ல வாயெடுத்தேன். தொலைபேசியோடு நின்றவளின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் கீழே பார்த்தேன்.