சார்ஜர் வாயில் நான் பூசிய கிறீஸ்

இது நடந்தது போன வருடம் ஆவணி மாதம். எங்கள் ஊர் சம்பூர். படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூன்று பேர். நான், மனைவி, கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், கடைசி வருடம் படிக்கும் மகள். அவளிடம் ஒரு லப்டொப் இருக்கிறது. கடைசி வருட அறிக்கையை அதில்தான் எழுதினாள். ஆறு மாத வேலை. வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் அதை இணையத்தில் கம்பஸுக்கு அனுப்ப வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம் இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பற்றரி முடியும்வரை எழுதினாள். படுக்கப் போகும்போது சார்ஜரைச் செருகி வைத்தாள். புதன் காலை திறந்தால் திரை இருட்டு. ஒரு சொட்டும் ஏறவில்லை.

மகள் விடவில்லை. சுவரில் வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தாள். பிறகு அதே சார்ஜரை, அதே வயரைத் தன் போனில் செருகினாள். போனுக்கு ஏறியது. அப்படியென்றால் சார்ஜரிலும் வயரிலும் பிழை இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சார்ஜர் வாங்கி வந்தாள். அதுவும் டைப் சி, வாய் ஒன்றுதான். லப்டொப்புக்கு ஏறவில்லை. வயரைத் தலைகீழாகத் திருப்பிச் செருகியபோது மட்டும் ஓரத்தில் இருந்த சின்ன விளக்கு ஒருதரம் மின்னியது. பிறகு அணைந்துவிட்டது.

"ஆர் இதில கை வைச்சது?" என்று கேட்டாள்.

மனைவி குசினியில் இருந்து வந்தாள். "நான்தான் பிள்ளை. நேற்றுப் பின்னேரம் ஈரத்துணியால மேசையைத் துடைச்சனான்."

"ஈரத்துணியாலயோ? எத்தினை தரம் சொல்லியிருக்கிறன் அம்மா! என்ர ஆறு மாசத்தையும் சேர்த்துத் துடைச்சுப் போட்டீங்கள். இனி ஒண்டையும் தொடாதேங்கோ. என்ர ஒரு சாமானையும் தொடாதேங்கோ!"

மனைவி கையில் அகப்பையோடு நின்றாள்.

நான் கதிரையில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நாங்கள் சண்டை நேரம் இடம்பெயர்ந்து போய், பல வருடம் கழித்து ஊருக்குத் திரும்பினோம். நான் எஞ்சின் திருத்தும் கொட்டிலில் மிஞ்சிக் கிடந்தது ஒரு எஞ்சின். தொட்ட இடமெல்லாம் துருவாக உதிர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். இரும்பைக் கண்டால் கிறீஸ் பூசுவேன். கேற் பூட்டு, கதவுப் பிணைச்சல், தையல் மெசின், எஞ்சினின் வயர் முனை எல்லாவற்றுக்கும் பூசுவேன். கிறீஸ் இருந்தால் உப்புக் காற்று தின்னாது. "அசையாமல் இருந்தால் இந்த மனிசன் எனக்கும் பூசிப்போடும்" என்று மனைவி சொல்லுவாள்.

சார்ஜர் இறுக்கமாகப் பிடிக்குதில்லை என்று மகள் திங்கட்கிழமை சொன்னாள். செவ்வாய் பின்னேரம் அவள் கிணற்றடிக்குக் குளிக்கப் போனபோது நான் பார்த்தேன். செருகும் வாயின் ஓரத்தில் சின்னதாக ஒரு துருப்புள்ளி. எஞ்சினுக்குச் செய்கிற மாதிரியே செய்தேன். தென்னை ஈர்க்கில் முனையில் கிறீஸ் தொட்டு அந்த ஓட்டைக்குள் வைத்தேன். பக்கத்தில் இருந்த இரண்டு ஓட்டைக்கும் வைத்தேன். நல்லதைச் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

அதைச் சொல்ல வாய் வரவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் மகள் மூதூரில் ஒரு கடையில் காட்டினாள். உள்ளே மதர்போர்ட் போய்விட்டது, கொழும்புக்கு அனுப்ப வேண்டும், பதினாலு நாள் செல்லும் என்றார்களாம். பென் டிரைவில் ஒரு மாதத்துக்கு முந்திய பிரதிதான் இருந்தது. அன்று மகள் சாப்பிடவில்லை. மனைவியும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

வியாழன் முதல் பஸ்ஸில் நானும் மகளும் திருகோணமலைக்குப் போனோம். மனைவி சோற்றுப் பார்சல் கட்டித் தந்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் என் கையில் தந்தாள். லப்டொப்பைத் துவாயில் சுற்றி மகள் மடியில் வைத்திருந்தாள். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது கேட்டாள்.

"அம்மாவை நான் அப்பிடி ஏசியிருக்கக் கூடாது, என்னப்பா?"

"ஓம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய கடை. போன், லப்டொப் திருத்துகிற கடை. முக்காடு போட்ட ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் முறை வர மத்தியானம் தாண்டிவிட்டது. மகள் தான் செய்து பார்த்ததெல்லாம் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு வயருக்கும் லப்டொப்புக்கும் நடுவில் ஒரு சின்ன மீற்றரைச் செருகினார். அதில் ஐந்து வோல்ட் என்று காட்டியது.

"இதுக்கு இருவது வரோணும்" என்றார். "இந்த டைப் சி சும்மா கரண்ட் தராது. முதல்ல லப்டொப்பும் சார்ஜரும் கதைக்கோணும். எனக்கு இவ்வளவு வேணுமெண்டு லப்டொப் சொல்லோணும். சொல்லாட்டி சார்ஜர் அஞ்சோட நிண்டுரும்."

லைற் அடித்து உள்ளே பார்த்தார். மரக்குச்சியால் எதையோ தோண்டி ஒரு தாளில் வைத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. விரலில் வைத்துத் தேய்த்தார். மணந்து பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். என் நகத்துக்குள் எப்போதும் கறுப்புத்தான்.

"தங்கச்சி, எதிர்க் கடையில மூணு பிளேன்ரீ வாங்கிட்டு வாங்களே" என்றார். மகள் போனாள்.

"அண்ணன், இது எஞ்சின் கிறீஸா?"

"ஓம்."

"வேற ஓட்டைக்கும் பூசினீங்களா?"

"பக்கத்து ரெண்டுக்கும்."

"சொன்னது நல்லம். உங்கட கிறீஸுக்குள்ள மண்ணும் இரும்புத் தூளும் கிடக்கு. இதை மட்டும் துடைச்சிட்டு, மத்ததில ஷோர்ட் ஆகினா நானும் போர்ட் போயிட்டெண்டுதான் சொல்லியிருப்பன்." கொஞ்சம் சிரித்தார். "பெற்றோல் ஊத்திக் கழுவல்லதானே?"

"இல்லை" என்றேன். அதையும் யோசித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மெல்லிய தூரிகையை ஸ்பிரிட்டில் தோய்த்து மூன்று ஓட்டையையும் துடைத்தார். அவசரப்படவில்லை. மகள் தேத்தண்ணியோடு வந்தாள்.

"அக்கா, உள்ளுக்குத் தண்ணி போயிருக்கோ?"

"தண்ணி ஒண்டுமில்ல. கடல் காத்து, தூசி. கரையோரத்தில இதெல்லாம் வாறதுதான்." என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

காய விட்டு மீற்றரைப் போட்டார். ஐந்து. திரும்பவும் துடைத்தார். ஐந்து. சுவர் மணிக்கூட்டில் ஒன்றேமுக்கால். மகள் நகம் கடித்தாள். மூன்றாம் தரம் உள்ளே இருந்து ஒரு மயிரிழை போல ஏதோ வந்தது. மீற்றர் ஐந்தில் நின்று, ஒன்பதுக்குப் போய், இருபதில் நின்றது. லப்டொப்பின் விளக்கு எரிந்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வெறும் தூசி அப்பா. அம்மாவை வீணா ஏசிப்போட்டன்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பெண் அதற்குத்தான் வழி செய்து தந்தார்.

"தூசி இல்லைப் பிள்ளை" என்றேன். "நான்தான் கிறீஸ் பூசினனான்."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். "அது எஞ்சினோ அப்பா?" என்றாள். பிறகு, "ரெண்டு நாள் அப்பா" என்றாள். அந்தக் கடையிலேயே ஒரு கதிரையில் இருந்து மிச்சத்தைச் சரிபார்த்தாள். மூன்றரைக்கு அனுப்பி முடித்தாள். முடித்ததும் போனில் ஒரு நம்பரை அழுத்தி என் கையில் தந்தாள். "நீங்களே சொல்லுங்கோ."

மறுபக்கத்தில் மனைவி.

"அனுப்பியாச்சு" என்றேன்.

"கடவுளே" என்றாள்.

"அது உன்ர துணியால வந்த பிழையில்லை. நான் அதுக்குள்ள கிறீஸ் பூசினனான்."

போனில் கோழி கொக்கரிப்பது கேட்டது.

"அது தெரியும்" என்றாள். "மேசையில நீங்கள் அப்பிவிட்ட கிறீஸைத்தானே நான் துடைச்சனான்."

"பிறகேன் சொல்லேல்ல?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள். பிறகு, "சோறு சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

பார்சலை நாங்கள் பிரிக்கவே இல்லை. பஸ்ஸில் ஏறியபிறகு மகள் பிரித்தாள். பாதியை என்னிடம் தந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. இருவரும் சாப்பிட்டோம். நான் களைத்துப் போயிருந்தேன். எஞ்சின் தூக்கிக்கூட அப்படிக் களைத்ததில்லை.

இப்போதும் இரும்பைக் கண்டால் என் கை கிறீஸ் டின்னுக்குத்தான் போகிறது. பூச முதல் வீட்டில் கேட்கிறேன். கதை குறைந்த மனிசன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அதை நல்ல பெயர் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், ஆனால் அந்த இரண்டு நாளும் ஏச்சைச் சுமந்துகொண்டு ஒருத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தபிறகு, யாராவது அப்படிச் சொன்னால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.