குருஜி நேற்றுக் காலமானார்

மராட்டி ஊரான வாகட்டில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில், மாலை ஏழு மணிக்கு என் காலடியில் தரை டொக் டொக்கென்று தட்டும். கீபோர்டில் நான் வாசிப்பதற்கு யாரோ தாளம் போடுகிறார்கள் என்று ஒரு வாரம் மகிழ்ந்திருந்தேன். கீழ்வீட்டு ஜோஷி காக்கூ, அதாவது ஜோஷி மாமி, துடைப்பக்கட்டையால் தம் கூரையை இடித்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் என்றால் எதிர்வீட்டுக்காரர் பதிலுக்கு டிவியைக் கூட்டி வைப்பார். விஷயம் அதோடு முடிந்துவிடும்.

வங்கி மாற்றலில் ஐம்பத்திரண்டு வயதில் தனியாக இங்கு வந்தவன் நான். சாயங்காலங்களைக் கழிக்கப் பியானோ கற்கத் தொடங்கினேன். இங்கேயே கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் ஷெரின்தான் டீச்சர். அவள் கேட்கக் கொடுத்த பழைய பதிவில், அமெரிக்கத் துறைமுக நகரமொன்றில் பிறந்த கறுப்பினக் கலைஞர் ஒருவர் ஒரு பேண்டு கோஷ்டியையே பத்து விரலில் நடத்திக்கொண்டிருந்தார். ஜாஸ் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அவரே இயற்றியது. அதையே கற்பேன் என்று அடம்பிடித்தேன். இடது கை கீழே ஒரு சுரத்தை அடித்துவிட்டு நடுவுக்குத் தாவ வேண்டும்.

“அங்கிள், லெஃப்ட் கை ரொம்ப மஸ்தி பண்றான்,” என்பாள் ஷெரின். சேட்டை செய்கிறதாம்.

ஒருநாள் காக்கூ மேலேயே வந்துவிட்டார். “ரோஜ் காய் குட்தா ஹோ?” தினமும் என்ன இடிக்கிறீர்கள் என்கிறார்.

இது என் குருவின் இசை, அவர் அந்தக் காலத்திலேயே இறந்துவிட்டார் என்று இந்தியில் சொல்ல முயன்றேன். “குருஜி குஜர் கயே” வரை வந்தது. நம் காலம் வடக்கே ‘கால்’ ஆகிவிடும் என்ற நம்பிக்கையில், “கால்… கால்…” என்று இழுத்தேன். அவர் காதில் அது ‘கல்’ என்று விழுந்தது. இந்தியில் நேற்று!

காக்கூ கண் கலங்கிப் போனார். அரைமணி நேரத்தில் கடலைமாவுப் பிட்லாவும் பாக்ரி ரொட்டியும் வந்தன. ருசித்துச் சாப்பிட்டு, சிரித்த முகத்தோடு இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

மறுநாள் இதைச் சொன்னதும் ஷெரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அங்கிள், வீட்ல யாராவது ஆஃப் ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க அதான் குடுப்பாங்க!”

அதற்குள் தரை தட்டுவது நின்றிருந்தது. உண்மையைச் சொன்னால் பியானோவும் நின்றுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். கணபதி விழா மேடையில் மறைந்த குருஜிக்கு அஞ்சலியாக நான் வாசிப்பேன் என்று காக்கூ ஏற்பாடே செய்துவிட்டார். மேடையேறும் முன் ஷெரினை மொழிபெயர்க்க வைத்து காக்கூவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். குருஜி இறந்து பல வருடம் ஆகிறது. நான் அவரைப் பார்த்ததே இல்லை.

காக்கூ இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “த்யாஞ்சாகடூன் ஷிக்லாத் நா? மக் குருச்!” அவரிடமிருந்துதானே கற்றீர்கள், அப்படியானால் குருதான் என்று சொல்லி, மேடைப் பக்கம் தள்ளிவிட்டார்.

நான்கு இடத்தில் தப்பாக வாசித்தேன். அறிவிப்பாளர் அதை “அசல் மதராஸி சங்கீதம்” என்று புகழ்ந்தார். கூட்டம் கை தட்டியது. நான் வாசித்த பதிவை ஊருக்கு அனுப்பினேன். மனைவி உடனே கூப்பிட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. அதுக்குள்ள மராட்டிப் பாட்டெல்லாம் படிச்சிட்டியளோ?”