அக்கா செய்த ஷீல்டு

அக்கா, உன்னைத்தான் கூப்பிடுகிறேன். இனி "என்னடா" என்று திரும்ப மாட்டாய் என்று தெரிந்தும் வாய் நிற்க மாட்டேன் என்கிறது.

நான் எட்டாவதோடு நின்று ஐஸ் கம்பெனியில் மீனுக்கு ஐஸ் உடைக்கப் போனவன். நீ ஆராய்ச்சிக்குப் போனவள். லேபில் என்ன வேலை என்று அம்மா கேட்டபோது, "ஷீல்டிங் மெட்டீரியல்மா" என்றாய். நம் வைத்திக்குப்பத்தில் ஷீல்டு என்றால் பந்தயத்தில் ஜெயித்தவனுக்குக் கொடுப்பது. அம்மா மீன் விற்கிற இடமெல்லாம், "எம்பொண்ணு ஷீல்டு செய்யுறா" என்று சொல்லி வைத்தாள். பக்கத்து வீட்டு அத்தை உன்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, எம்புள்ளைங்க கபடி போட்டி நடத்துதுங்க. நம்ம குப்பத்துக்கு ஒரு ஷீல்டு சும்மா குடுக்கக் கூடாதா?"

"குடுக்குறேன் அத்தை. தூக்க நாலு ஆளு வேணும், அனுப்புறீங்களா?"

சிரித்துக்கொண்டே உள்ளே வந்து எனக்கு விளக்கினாய்.

"அணு உலையில காமா, நியூட்ரான்னு ரெண்டு வகைக் கதிர் வரும்டா. அது ஆளு மேல படாம நிறுத்துற சுவருதான் ஷீல்டு. காமாவுக்கு ஈயம், இரும்புன்னு கனமா வேணும். நியூட்ரான் ஈயத்துல நிக்காது."

"வஞ்சிர வலையில நெத்திலி நழுவுற மாதிரியா?"

"அதேதான்டா! அதுக்கு வேற வலை. தண்ணி, மெழுகு, போரான். ரெண்டையும் ஒரே கல்லுல புடிக்கணும். அதான் என் வேல."

மெஷினில் அமுக்கிப் பார்த்ததில் விரிசல் விட்ட கல் ஒன்றைக் கொண்டுவந்தாய். கதிரே படாத, இரும்புத்தாது கலந்த வெறும் கான்கிரீட். கடல் காற்றில் கதவு அடிக்காமல் இருக்க அம்மா அதை முட்டாக வைத்தாள்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று டாக்டர் சொன்னார். காப்பாற்ற முடியவில்லை. டெங்குவில் போனவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அவர்களுக்கெல்லாம் கொசு, உனக்கு மட்டும் கதிராம், தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம் என்று குப்பமே பேசியது.

உன்னைத் தூக்கக் குப்பத்தில் நாலு ஆள் வரவில்லை. நானும் நம் தாய்மாமாவும் பிடித்தோம். மற்ற பக்கத்துக்கு ஐஸ் கம்பெனி ஆட்களைக் கூட்டிவந்தேன்.

அத்தை தூரத்தில் நின்றே பேசினாள்.

"அந்தக் கல்லக் கொண்டுபோய்க் கடல்ல போடுடா. புள்ளகுட்டிங்க நடமாடுற எடம்."

"அது கதிர நிறுத்துற கல்லு அத்தை."

"நிறுத்துச்சா? அப்ப அவ ஏன் செத்தா?"

"கொசு கடிச்சு செத்தா. கொசுவ நிறுத்துற கல்லு அவ செய்யல."

காரியத்தன்று சமைத்த சோறு அண்டாவில் அப்படியே கிடந்தது. உன் லேபிலிருந்து வந்தவர்கள் மட்டும் சாப்பிட்டார்கள். மிச்ச இலைக்கட்டு பறக்காமல் இருக்க உன் கல்லைத்தான் தூக்கி வைத்தேன். அம்மாவிடம் இப்போது மீன் வாங்கக்கூட யோசிக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களே, முகம் தெரியாத யார் மேலோ கதிர் படக்கூடாது என்றுதான் என் அக்கா கல் கலந்தாள். எங்கள் வாசலுக்கு வரப் பயமாக இருந்தால் வர வேண்டாம். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இருக்கிற இடத்திலிருந்தே எல்லாரும் அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிக்கொண்டால் எதுவும் ஒட்டிக்கொள்ளாது.