திட்டினாலும் ஒன்று ஏறும்

காலையில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேராசிரியர் கணினியைத் தட்டிவிடுவார். உலகத்தின் எந்த மூலையிலாவது யாராவது தம் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும் அவருக்கு. எண்ணிக்கை கூடியிருந்தால், கரும்பலகையின் மூலையில் இருக்கும் பழைய எண்ணை உள்ளங்கையால் அழித்துவிட்டுப் புதியதை அவரே எழுதுவார். மேசைமேல் லட்டுப் பெட்டி திறக்கும். கூடாத நாளில் எங்களில் ஒருவருக்கும் நல்ல வார்த்தை கிடையாது. 2006இல் சிதம்பரத்தில் அவரிடம் அணுக்கரு இயற்பியலில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த புதிதில், இதை அறிவியல்மேல் உள்ள பக்தி என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. அதுதான் இன்னும் குமட்டுகிறது. கனமான அணுக்கருக்கள் சிதைய எவ்வளவு காலமாகும் என்று கணக்கிட, இளமையில் ஒரு சூத்திரம் கண்டவர். நல்ல வேலைதான். அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அந்த ஒரு கட்டுரைக்குத் தீனி போட்டதுதான். நாங்கள் எதை எழுதினாலும் கடைசிப் பக்கத்தில் அவருடைய பழைய கட்டுரைகள் நிற்க வேண்டும். வெளியூரில் அவருக்கு இரண்டு பேராசிரிய நண்பர்கள். அவர்களுடைய மாணவர்கள் இவரை மேற்கோள் காட்டுவார்கள், நாங்கள் அவர்களைக் காட்டுவோம். கல்யாண வீட்டு மொய் மாதிரி, வைத்தால் திரும்ப வைக்க வேண்டும். சீ, இதற்கு ஆராய்ச்சி என்று பெயர்!

எனக்கு மூத்தவளாக அங்கே ஓர் ஆய்வு மாணவி இருந்தாள், மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தச் சூத்திரத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவள் அவள்தான். நியூட்ரான்கள் ஒற்றைப்படையில் இருக்கும் கருக்கள் சிதைவதற்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. பேராசிரியர் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தார். அக்கா சேர்த்துக் கணக்கிட்டாள். சோதனைச் சாலைகளில் அளந்த மதிப்புகளோடு அழகாகப் பொருந்தியது. தன் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதி அவரிடம் கொண்டுபோய் வைத்தாள். அவர் பொறுமையாகப் படித்தார்.

"கணக்கு சரியாத்தாம்மா இருக்குது. ஆனா என் ரூம்ல உக்காந்துகினு என் பேப்பரையே தப்புன்னு எழுதுவியா? அந்தச் சாப்டர எடுத்துடு, கையெழுத்து போடறேன்."

அக்கா எடுக்கவில்லை. "சரின்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. அப்பறம் எதுக்குடி எடுக்கணும்?" என்றாள் என்னிடம். கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. அவரை மீறிக் கட்டுரையாக வெளியிட்டால் பட்டமே போய்விடும். ஆய்வேடு அவருடைய அலமாரியில் கிடந்தது. கடலூரில் ஒரு கல்லூரி வேலை, பட்டம் இல்லை என்று கைநழுவியது. அவள் அசையவில்லை.

அப்படியே இரண்டு வருடம் போனது. ஒருநாள் காலை லட்டுப் பெட்டி திறந்திருந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று பேராசிரியரின் சூத்திரம் தவறு என்று எழுதியிருந்தது. அவர்களாகவே கண்டதுதான், ஆனால் அதே ஓட்டை, அதே தடை. அக்காவின் அத்தியாயம் முழுவதும் இன்னொருவர் பெயரில் அச்சாகியிருந்தது. அவள் அவருடைய மேசைக்கு எதிரே போய் நின்றாள். "சார், அவுங்க உங்கள தப்புன்னு எழுதியிருக்காங்க" என்றாள்.

"எழுதட்டுமே! திட்டினாலும் நம்ம பேர சொல்லித்தானம்மா திட்டணும்? கம்ப்யூட்டருக்குத் திட்டு தெரியுமா, பாராட்டு தெரியுமா? ஒண்ணு ஏறிச்சா இல்லியா? லட்டு எடுத்துக்க."

அன்று மாலையே அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி அவருக்கு என்ன நஷ்டம்!

வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக வந்தவர் அந்த வெளியூர் நண்பர்களில் ஒருவர். வழக்கப்படி அக்காதான் சாப்பாடு, காபி, தட்டு நிறைய வறுத்த முந்திரி எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். அவர் ஏட்டைப் புரட்டிவிட்டு, "இதுல புதுசா இன்னாம்மா இருக்குது? போன வருஷமே வெளிநாட்டுக்காரன் போட்டுட்டானே" என்றார். யார் முதலில் கண்டது என்று அந்த அறையில் பேராசிரியருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் முந்திரியை மென்றுகொண்டிருந்தார். மென்று முடித்ததும் தட்டை நண்பர் பக்கம் நகர்த்தினார். சீ!

பஸ் நிறுத்தத்தில் அக்கா, "பட்டம் கெடச்சிடிச்சி. செஞ்ச வேலதான் எவனுதோ ஆயிடிச்சி" என்றாள்.

2012இல் நான் கடலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதே கருக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தவறை முதலில் கண்டவள் அக்காதான் என்று அவளுடைய ஆய்வேட்டை மேற்கோள் காட்டி ஒரு வரி சேர்த்துவிட்டு, சந்தோஷமாக அவளுக்குப் போன் செய்தேன். அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"எந்தச் சூத்திரம் தப்புன்னு சொல்லணும் இல்ல? அப்போ அவரு பேப்பரையும் கீழ போட்டாவணும். அந்த ஆளுக்கு ஒண்ணு ஏறும். வேணாம்டி, எடுத்துடு."

எவ்வளவோ கெஞ்சினேன், அவள் கேட்கவில்லை. எடுத்துவிட்டேன். அவருக்கு அந்த ஒன்று ஏறாததால் ஒரு குறையும் இல்லை. அக்காவுக்குக் கிடைக்க இருந்ததே அந்த ஒன்றுதான்.